நூத்து நாப்பத்தி மூணாவது மன்னிப்பு

"ஆறு நாளாச்சுங்க. ஒருத்தர்கூட ஃபாரத்தை நிரப்பலை," என்றாள் மெஹராஜ்.

"ரெண்டு பேரு நிரப்பியிருக்காங்கன்னு காலையில சொன்னியே?" என்றார் அவள் கணவர் அப்துல் கையூம்.

"ஒருத்தர் பக்கத்து ஊட்டுக்காரர் பேரை எழுதி அனுப்பியிருக்காருங்க. இன்னொருத்தங்க, ‘நீங்கள் ஏன் மாடரேட்டர் ஆக விரும்புகிறீர்கள்?’னு நான் கேட்ட எடத்துல, ‘அந்த சோபா இன்னும் இருக்குதுங்களா?’ன்னு கேட்டிருக்காங்க."

"இருக்குதா?"

"போயிருச்சுங்க. ஏனுங்க, இப்ப அதா முக்கியம்?"

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் கையூம் பாய்க்கு ஃபேஸ்புக் கணக்கே கிடையாது. ஆனால் மனைவி நடத்தும் குரூப்பில் நேற்று யார் யாரை முறைத்தார்கள் என்பதுவரை அவருக்குத் தெரியும். ஆறு வருஷமாகச் சோற்றோடு சேர்த்து அதையும் அவள் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறாள்.

குரூப்பின் பெயர் ‘இருக்குது, எடுத்துக்கோங்க’. வீட்டில் சும்மா கிடக்கும் பொருளைப் படம் எடுத்துப் போட வேண்டியது. தேவைப்பட்டவர் வந்து இலவசமாக எடுத்துப் போக வேண்டியது. கட்டில், குக்கர், பிள்ளை வளர்ந்ததும் சின்னதாகிப்போன சைக்கிள், தொட்டியோடு கறிவேப்பிலைக் கன்று, எல்லாம் கை மாறும். இருபத்தாறாயிரம் பேர். விலை பேசக் கூடாது, விளம்பரம் கூடாது, அரசியல் கூடாது, காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ கூடாது. இத்தனை பேரையும் மெஹராஜ் ஒருத்தியே கட்டி மேய்த்தாள்.

சண்டைக்காரர்களைவிட அவளுக்குத் தலைவலி மரியாதைக்காரர்கள்தான். ஒருவர் ஒரு மேசையைப் போட்டால், ‘வேற யாருக்காச்சும் வேணும்னா குடுத்துருங்க, மிச்சமிருந்தா நான் எடுத்துக்கறேங்க’ என்று முப்பது பேர் எழுதுவார்கள். இருப்பது ஒரே மேசை. அதில் மிச்சம் எங்கிருந்து வரும்? கடைசியில் மெஹராஜ்தான் ஒருவரைப் பிடித்து, ‘நீங்க போயி எடுங்க, இது உத்தரவு’ என்று தள்ளிவிட வேண்டும்.

இப்போது அவளும் கையூமும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். கிளம்ப இருபத்தொன்பது நாள் இருந்தது. திரும்பி வர நாற்பது நாள் ஆகும்.

"அங்க கஅபாவைப் பாத்து நிக்கறப்ப, இங்க ஒருத்தர் பீரோவுக்காகச் சண்டை போட்டா, எம் மனசு எங்கீங்க இருக்கும்? பீரோகிட்டதான் இருக்கும்," என்றாள்.

"போனை இங்கயே வச்சுட்டு வந்துரு."

"அப்ப இன்னும் மோசம். சண்டை நடக்குதோ என்னமோன்னு வெசனமே பட்டுட்டிருப்பேன்."

அதற்காகத்தான், அதுவரை குரூப்பைப் பார்த்துக்கொள்ள மாடரேட்டர் வேண்டும் என்று அந்த ஃபாரத்தை அவள் குரூப்பில் போட்டாள். ஆறாம் நாள் பொறுமை இழந்து, கருமத்தம்பட்டி ராசம்மாளுக்கு போன் செய்தாள். ராசம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். குரூப்பில் எங்கே தப்பு நடந்தாலும் முதலில் பார்த்து மெஹராஜுக்குச் சொல்கிற ஆள்.

"ஏனுங்க ராசம்மாக்கா, நீங்களாச்சும் அந்த ஃபாரத்தை நிரப்புனா என்னங்க?"

"நானாப் போயி, ‘நான் கெட்டிக்காரி, என்னைய எடுத்துக்கோங்க’ன்னு எழுதறதுங்களா அம்மணி? ஊரு சிரிக்காதுங்களா?"

"அப்பறம் எப்படித்தான் ஆளு புடிக்கறதுங்க?"

"கண்ணாலத்துக்கு ஒறம்பரை சனத்தை ஃபாரம் போட்டா கூப்புடுவீங்க? ஊட்டுக்கு வந்து கூப்புடோணும்ங்க. ரெண்டு தடவை மாட்டேன்னு சொல்லுவோம். மூணாவது தடவை செரின்னுருவோம். அவ்வளவுதானுங்க."

மறுநாளே மெஹராஜ் ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு கருமத்தம்பட்டி பஸ்ஸில் ஏறினாள்.

"வாங்க, வாங்க அம்மணி. என்னங்க திடீர்னு?" என்று ராசம்மாள் ஆச்சரியப்பட்டாள். தானே நேற்றுச் சொல்லிக்கொடுத்த வழி என்பது அவள் முகத்தில் துளியும் தெரியவில்லை.

"குரூப்புக்கு நீங்க மாடரேட்டரா வரோணும்ங்கக்கா."

"அய்யோ, எனக்கு என்னங்க தெரியும்!"

"நீங்கதாங்க வரோணும்."

"எழுபது குழந்தைகளுக்குச் சோறாக்கி அனுப்பறதுக்கே நேரம் பத்தலீங்களே."

"அக்கா, மூணாவது தடவையாக் கூப்புடறேன்."

"செரி, இவ்வளவு தூரம் வந்து கூப்புடறீங்க, எப்படி மாட்டேங்கறது," என்ற ராசம்மாளின் கையில் அதற்குள் மூக்குக்கண்ணாடியும் போனும் வந்திருந்தன. "இன்னொரு ஆளும் இருக்குதுங்க. நம்ம சந்துல ரூபன்னு. லேப்ல ரத்தம் எடுக்கற வேலை. ஊசி குத்தறதுக்கு முன்னால ‘குத்தட்டுங்களா?’ன்னு மூணு தடவை கேப்பாப்ல. அவ்வளவு தன்மை."

அடுத்த சந்தில் ரூபனும் இரண்டு தடவை மாட்டேன் என்றார், மூன்றாவது தடவை சரி என்றார். வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் மெஹராஜ் வீடு திரும்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹஜ் பயணிகளுக்கான வகுப்பில் ஹஜ்ரத் சொன்னார்: "அல்லாவுக்குச் செஞ்ச தப்புக்கு அல்லாகிட்டக் கேளுங்க. மனுசனுக்குச் செஞ்ச தப்புக்கு அந்த மனுசன்கிட்டயே போயிக் கேளுங்க. அதைக் கேக்காம இங்கிருந்து கெளம்பாதீங்க."

ஹஜ்ஜுக்குப் போவதற்கு முன் எல்லோரும் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் வீடுகளுக்குப் போய், தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சுக்கோங்க என்று கேட்பது வழக்கம்தான். மெஹராஜும் நாத்தனார், கொழுந்தன், எதிர்வீடு, பால்காரர்வரை கேட்டு முடித்திருந்தாள். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு வேறொன்று நினைவு வந்தது.

"ஏனுங்க, குரூப்புல இருந்து நான் வெளிய போட்டவங்க?" என்றாள், வழியிலேயே.

"அவங்களுக்கு என்ன?"

"அவங்களும் மனுசங்கதானுங்களே."

"எத்தனை பேரு?"

போனை எடுத்துப் பார்த்தாள். "நூத்து நாப்பத்தி மூணு."

கையூம் நடையை நிறுத்தினார். "மெஹரு, இத்தனை பேரையா?"

"ஆறு வருசத்துலங்க! ஒரே நாள்லயா போட்டேன்?"

அன்றிலிருந்து வீட்டில் மன்னிப்பு கேட்கும் படலம் நடந்தது. மெசேஜ் பார்க்காதவர்களை போனில் கூப்பிட்டாள். கையூம் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலில் டிக் அடித்தார்.

"என்னைய நீக்கிட்டீங்களா? எப்பங்க? ரெண்டு வருசமா ஒண்ணுமே வரலையேன்னு போனையே மாத்திப்போட்டேனே!" என்றாள் ஒரு பெண்.

"மன்னிக்கறது கெடக்கட்டுங்க. மறுபடி சேத்துக்குவீங்களா? ஸ்கூல் பேக் புது ஸ்டாக் வந்திருக்குது," என்றார் ஒரு கடைக்காரர்.

"அதுக்குத்தாங்க வெளிய போட்டேன்."

"அதனாலதாங்க நானும் கேக்கறேன்."

"மன்னிச்சாச்சுங்க்கா," என்றாள் காரமடையிலிருந்து ஒருத்தி. "அங்க போயி எம் பையனுக்குப் பொண்ணு அமையோணும்னு ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க. ஜாதகம் வேணும்னா அனுப்பட்டுங்களா?"

ஒரு வாரத்தில் நூற்று நாற்பத்து இரண்டு டிக் விழுந்தது. மிச்சம் ஒருவர். மதுக்கரை சுந்தரராஜுலு. அவரிடமிருந்து இரண்டே சொல்லில் பதில் வந்தது: ‘நேரில் வரவும்.’

சுந்தரராஜுலு ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மெஹராஜ் நீட்டிய பையை வாங்கி உள்ளே பார்த்தார்.

"ஆறு மாம்பழம். ஒண்ணு காம்புகிட்ட அடிபட்டிருக்குது," என்றார். "உக்காருங்க அம்மணி. மன்னிப்புன்னு எழுதியிருந்தீங்க. எதுக்குங்க?"

"தெரிஞ்சும் தெரியாமலும் நான் உங்களுக்கு ஏதாச்சும்..."

"தெரிஞ்சு செஞ்சது எது, தெரியாமச் செஞ்சது எது?"

நூற்று நாற்பத்து இரண்டு பேரில் ஒருவர்கூட இப்படிக் கேட்கவில்லை.

"முப்பத்தோரு வருசம் பார்சல் புக் பண்ணுனேனுங்க," என்றார் அவர். "ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்புனாக்கூட, என்ன காரணம்னு எழுதி மேல ஒட்டித்தான் அனுப்புவோம். என்னைய நீங்க ஒண்ணுமே ஒட்டாமத் தூக்கி வீசிட்டீங்க. ஒரு நாள் காலையில தேடுனா குரூப்பையே காணோம். கோயமுத்தூருல குடுக்கறவங்களே இல்லாமப் போயிட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். அப்பறம் எம் மருமகதான் பாத்துச் சொன்னா, ‘மாமா, குரூப்பு இருக்குது. உங்களைத்தான் தூக்கிட்டாங்க’ன்னு. மருமக வாயில அதைக் கேக்கறது எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

"நீங்க... கமெண்ட் கொஞ்சம் நெறையப் போடுவீங்க சார்."

"அதுக்காகத்தானுங்களா?"

மெஹராஜ் மாம்பழத்தைப் பார்த்தாள்.

"செரி," என்றார் சுந்தரராஜுலு. "உங்களுக்கு மாடரேட்டர் வேணுமாமே? மருமக சொன்னா. நான் வாரேன். அந்த வேலை எப்படீன்னு நானே பாத்தாத்தான் நீங்க செஞ்சது செரியா தப்பான்னு எனக்குத் தெரியும். மன்னிக்கறதை அப்பறம் பேசிக்கலாம்."

"நீங்களாவா கேக்கறீங்க? இங்க யாரும் தானாக் கேக்க மாட்டாங்களே!"

"ரயில்வேக்காரனுங்க. விண்ணப்பம் போட்டே பழக்கம்."

கடைக்குத் திரும்பி அவள் இதைச் சொன்னதும் கையூம் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அந்த மிக்ஸி ஜாரு விசயத்தைச் சொன்னியா?"

"சும்மா இருங்க."

"சொல்லலை."

"எப்படிங்க சொல்றது!"

விஷயம் இதுதான். நாலு வருஷத்துக்கு முன் மெஹராஜ் தன் பழைய மிக்ஸியைக் குரூப்பில் போட்டாள். மூன்றாவது ஜாரின் அடியில் ஒரு விரிசல். படம் எடுக்கும்போது அதன் மேல் மஞ்சள் பூத்துண்டு ஒன்றை அழகாகச் சுற்றிவைத்தாள். விரிசலின் நுனி துண்டுக்கு வெளியே எட்டிப்பார்த்தது அவள் கண்ணில் படவில்லை. பத்து நிமிஷத்தில் சுந்தரராஜுலு எழுதினார்: ‘மூன்றாவது ஜாரில் அடிப்பகுதி விரிசல். துண்டால் மறைக்கப்பட்டுள்ளது. பெறுபவர் கவனிக்கவும்.’ உடனே எண்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். இருபதாவது நிமிஷத்தில் சுந்தரராஜுலு குரூப்பில் இல்லை. அன்றைக்கே அவள் அந்தப் பதிவையும் அழித்தாள், ஜாரை எடுத்துவிட்டு மிக்ஸியை யாருக்கோ கொடுத்தும் விட்டாள்.

"அவருக்கு ஞாபகம் இருக்காதுங்க," என்றாள். "எத்தனை கமெண்ட் போட்டிருப்பாரு!"

கையூம் மறுபடி சுத்தியலை எடுத்தார்.

பயிற்சி மெஹராஜ் வீட்டில், சமோசாவும் டீயுமாக ஆரம்பமானது. ராசம்மாள், ரூபன், சுந்தரராஜுலு மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"மொதப் பாடம்," என்றாள் மெஹராஜ். "ஒருத்தர் இலவசம்னு வாங்கிட்டுப் போயி வித்துப்போட்டாரு. அவரை வெளிய அனுப்போணும். என்ன எழுதுவீங்க?"

ராசம்மாள் ரொம்ப நேரம் தட்டினாள். பிறகு வாசித்தாள்: "‘தம்பி, நல்லா இருக்கறீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா? வெயிலு சாஸ்தியா இருக்குது, ஒடம்பைப் பாத்துக்கோங்க. நேரங்கெடைக்கறப்ப குரூப்பை விட்டுக் கொஞ்சம் அக்கட்டாலப் போயிட்டு வாங்க.’"

"அக்கா, இதைப் படிச்சுட்டு அவரு பலகாரத்தோட உங்க ஊட்டுக்கு வந்துருவாருங்க!"

"வந்தா வரட்டுமே. சோறு போட்டுச் சொல்லி அனுப்பறேன்."

"ரூபன், நீங்க?"

"நான் எழுதறதுக்கு முன்னால போன் பண்ணிருவேனுங்க்கா. நேத்து நெசமாவே ஒருத்தர் மனை விக்கற விளம்பரம் போட்டிருந்தாரு. கூப்ட்டு, ‘எடுத்தரட்டுங்களா?’ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"‘இருக்கட்டுமேங்க’ன்னாரு."

"அப்பறம்?"

"விட்டுட்டேனுங்க. அவ்வளவு தன்மையாச் சொல்றப்ப எப்படிங்க்கா எடுக்கறது?"

மெஹராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ராஜுலு சார், நீங்க?"

சுந்தரராஜுலு கோடு போட்ட தாளை விரித்தார். "‘பெயர். தேதி. குறை: இலவசப் பொருள் விற்பனை. நடவடிக்கை: நீக்கம்.’ முடிஞ்சுதுங்க."

"ஏனுங்க சார், மனுசனுக்கு எழுதறீங்களா, மூட்டைக்கு எழுதறீங்களா?" என்றாள் ராசம்மாள். "ஒரு ‘நல்லா இருக்கறீங்களா’ சேத்தா என்ன கொறஞ்சு போகும்?"

"நீக்கப்போற ஆளை நல்லா இருக்கறீங்களான்னு கேக்கறது கிண்டலாட்ட இருக்காதுங்களா?"

"கேக்காம நீக்கறது அடிச்சாப்பல இருக்குமே!"

இப்படியே பேசிப் பேசி ஒரு வழி பிடித்தார்கள். முதலில் எச்சரிக்கை. அதில் காரணம் இருக்க வேண்டும். அது சுந்தரராஜுலுவின் பிடிவாதம். காரணத்துக்கு முன் ஒரு நலம் விசாரிப்பு, ஒன்றே ஒன்று, அது ராசம்மாளுக்காக. ரூபன் யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது. ‘குத்தட்டுங்களான்னு கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்திருந்தா ரத்தம் எடுக்க முடியுமா?’ என்று மெஹராஜ் கேட்டதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இரண்டாவது வாரம், கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, பழைய பிரச்சினைக் கமெண்டுகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பயிற்சி. மெஹராஜ் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்த படங்கள் அவை. பெயரை வெட்டிவிட்டதால் எது யாருடையது என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது. ரூபன் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

"ஒருத்தங்க அவங்க குழந்தை தொட்டிலைப் போட்டிருக்காங்க. அதுக்குக் கீழ ஒரு கமெண்ட்டுங்க: ‘வலது மேல்சட்டத்தில் பல் தடம் இரண்டு. துணி சாயம் போயுள்ளது. கொக்கி ஒன்று கம்பியால் கட்டப்பட்டுள்ளது. பெறுபவர் கவனிக்கவும்.’"

அது யார் எழுதியது என்று மெஹராஜுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் நிறுத்துவதற்குள் ராசம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"யாருங்க இந்தாளு? பச்சக் குழந்தை கடிச்ச தடத்தைப் போயி குத்தம்னு எழுதுவாங்களா? அந்தத் தாய்க்கு அது நகையாட்டம்! இவரையெல்லாம் மொதல்ல—"

"நான்தானுங்க எழுதுனது," என்றார் சுந்தரராஜுலு.

"அய்யோ," என்றாள் ராசம்மாள். "தப்பா நெனச்சுக்காதீங்க சார்."

"கொக்கி கம்பியில கட்டியிருந்துச்சுங்க. கம்பி அத்துப்போனா குழந்தை கீழ விழுகும். எழுதாம விடச் சொல்றீங்களா?"

"அதை எழுதோணும்ங்க சார். கட்டாயம் எழுதோணும். ஆனா பல்லு? பல்லுத் தடத்தால யாருங்க விழுவாங்க?"

சுந்தரராஜுலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். "பார்சல்ல எல்லாத்தையும் எழுதோணும்ங்க. எழுதாம விட்டா நம்ம தலையில வந்து விடியும்."

"இங்க யாரு உங்க தலையில விடியப்போறா? சும்மா குடுக்கறதுங்க சார். குடுக்கறவங்க மூஞ்சியையும் பாக்கோணும்ல?"

சுந்தரராஜுலு பேனாவை எடுத்தார். பிறகு தன் கோடுபோட்ட தாளில் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்: "ஆபத்துன்னா எழுதறது. அழகு கொறச்சல்னா விட்டர்றது." நிமிர்ந்து மெஹராஜைப் பார்த்தார். "இதுக்காகத்தான் என்னைய வெளிய போட்டீங்களா அம்மணி?"

மெஹராஜ் ராசம்மாளைப் பார்த்தாள். ரூபனைப் பார்த்தாள்.

"ஆமாங்க சார்," என்றாள்.

"அப்ப அதுல பாதி என்னோட தப்பும் இருக்குதுங்க. மன்னிச்சாச்சு. நிம்மதியாப் போயிட்டு வாங்க."

ராசம்மாள் கை தட்டினாள். ரூபன் மிச்சமிருந்த சமோசாவைச் சுந்தரராஜுலுவின் தட்டில் வைத்தார். எல்லோரும் போனபின் கையூம் உள்ளிருந்து வந்தார். அவர் கையில் அந்தப் பட்டியல் இருந்தது.

"டிக் அடிச்சரட்டுமா?"

"அடிக்காதீங்க."

"மன்னிச்சுட்டேன்னு எனக்கே கேட்டுச்சே?"

"அவரு மன்னிச்சது தொட்டிலுக்குங்க. நான் செஞ்சது ஜாருக்கு."

"ஆக, ஒரு தப்புக்கு மன்னிப்பு கேக்கப் போயி, புதுசா ஒரு பொய்யும் சேத்துக்கிட்ட."

"அதை நீங்க வேற எடுத்துச் சொல்லோணுமாக்கும்!"

மூன்று நாள் தள்ளிப்போட்டாள். பெட்டி கட்டினாள். கையூம் ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் துணியை இரண்டு தடவை மடித்தாள். மருந்துச் சீட்டைத் தேடினாள். எதைத் தொட்டாலும் மஞ்சள் பூத்துண்டு கண்ணுக்கு முன் வந்தது. வெள்ளிக்கிழமை பயணம். புதன்கிழமை காலையில் உக்கடத்தில் மதுக்கரை பஸ் ஏறினாள்.

சுந்தரராஜுலு போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "வாங்க அம்மணி. ஒருத்தரு சோதிடம் பாக்கறேன்னு நம்பர் போட்டிருக்காரு. நலம் விசாரிச்சு எச்சரிக்கை அனுப்பிட்டிருக்கறேன். உக்காருங்க."

மெஹராஜ் நின்றபடியே சொன்னாள். "சார், தொட்டிலுக்கு மன்னிச்சேன்னீங்களே, அதைத் திருப்பி எடுத்துக்கோங்க."

"குடுத்ததைத் திருப்பி வாங்கறதுக்கு நம்ம குரூப்புல விதி இல்லீங்களே."

"விளையாட்டு இல்லீங்க சார். தொட்டில் கமெண்ட்டைப் படிச்சுச் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அதுக்காக உங்களை நான் வெளிய போடலை. வெளிய போட்டது..."

"மிக்ஸிக்கு," என்றார் அவர்.

மெஹராஜ் உட்கார்ந்துவிட்டாள்.

"தொட்டில் போட்டது மார்ச்சு மாசம். என்னையக் காணோம்னு நான் தேடுனது ஜூன் மாசம். மூணாவது ஜாரு, அடியில விரிசல், மஞ்சத் துண்டு. அன்னைக்கு நான் எழுதுன கடைசிக் கமெண்ட்டே அதுதானுங்க. மறக்குமா?"

"எல்லாந் தெரிஞ்சுட்டேவா அன்னைக்கு மன்னிச்சாச்சுன்னு சொன்னீங்க?"

"தொட்டிலுக்கு மன்னிச்சேனுங்க. ஜாருக்கு நீங்க இன்னும் கேக்கவே இல்லீங்களே."

மெஹராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எழுதுனது நெசமுங்க சார். விரிசல் இருந்துச்சு. நான் வேணும்னேதான் மறைச்சேன். எண்பது பேரு சிரிச்சதும் ஆத்தரம் தாங்கலை. உங்களைத் தூக்குனா அந்த விரிசலே இல்லாமப் போயிரும்னு நெனச்சுட்டேனாட்ட இருக்குது. தெரியாமச் செய்யலை. தெரிஞ்சேதான் செஞ்சேன். அதுக்கப்பறம் அன்னைக்குப் பொய்யும் சொன்னேன். ரெண்டுக்கும் மன்னிச்சுக்கோங்க."

"இப்படிச் சொன்னா எது எதுக்குன்னு புரியுதில்லீங்க?" என்றார். ஆனால் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போனைத் திருப்பி அவள் பக்கம் நீட்டினார். "இதைப் படிங்க. போன வாரமே எழுதி வச்சது. அனுப்பலை."

மெஹராஜ் படித்தாள்.

‘ஏனுங்க அட்மின் அம்மணி, நல்லா இருக்கறீங்களா? நாலு வருசத்துக்கு முன்னால நீங்க போட்ட மிக்ஸிப் படத்துல மூணாவது ஜாரைத் துண்டு போட்டு மறைச்சிருந்தீங்க. சொன்னவரைக் காரணம் சொல்லாம வெளிய அனுப்பிட்டீங்க. குறையை மறைக்கறதும், காரணம் சொல்லாம நீக்கறதும் இனிமே நம்ம குரூப்புல கூடாதுங்க. இது முதல் எச்சரிக்கை. இப்படிக்கு, மாடரேட்டர் சுந்தரராஜுலு.’

"இதை... குரூப்புலயா சார்?"

"எண்பது பேரு பாக்கத் தூக்குனீங்க. மன்னிப்பை மட்டும் எங்க ஊட்டுக்குள்ள வந்து கேக்கறீங்களே."

"இப்ப இருபத்தாறாயிரம் பேருங்க சார்!"

"வளந்திருக்குது. நல்லா நடத்தியிருக்கறீங்க."

மெஹராஜ் இன்னொரு தடவை படித்தாள். "இதுல அந்தத் ‘துண்டு போட்டு மறைச்சிருந்தீங்க’ங்கறதை மட்டும் எடுத்தரலாங்களா?"

"எடுக்கலாமுங்க. மன்னிப்புலயும் அந்த அளவுக்கு எடுக்க வேண்டியதாயிரும்."

மெஹராஜ் நாத்தனாரை நினைத்தாள். எதிர்வீட்டை நினைத்தாள். ராசம்மாள் இதைப் படித்துவிட்டு முதல் ஆளாக போன் செய்யப்போவதை நினைத்தாள். அப்புறம் வெள்ளிக்கிழமையை நினைத்தாள்.

"இருக்கட்டுங்க," என்றாள். "அப்படியே போடுங்க."

அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, அழுத்திவிட்டார். பைக்குள் அவள் போன் கத்தியது. எடுத்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அனுப்பிய எச்சரிக்கைக்குக் கீழே, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்: ‘தப்பு என்னோடதுதானுங்க. மன்னிச்சுக்கோங்க.’

சுந்தரராஜுலு தன் போனில் அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அவரும் தட்ட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் பிடித்தது. மெஹராஜ் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன் மறுபடி கத்தியது.

‘பொருள்: மிக்ஸி ஜார், பொய் ஒன்று. நிலை: முழுதாக மன்னிக்கப்பட்டது. நல்லபடியாப் போயிட்டு வாங்க அம்மணி.’

"ஏனுங்க சார்!" என்றாள் மெஹராஜ். "நேருக்கு நேரா உக்காந்திருக்கறேன். வாயில சொல்லக் கூடாதுங்களா?"

"வாயில சொன்னா ரெக்கார்டு இருக்காதுங்களே," என்றார் சுந்தரராஜுலு.